போன் வந்துவிட்டது, கணினி வரவில்லை

2021 ஓகஸ்ட்டில், கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த வேளையில், பதுளை மாவட்டத்து லுணுகலையிலிருந்து ஒரு செய்தி உலகப் பத்திரிகைகளுக்குப் போனது. அங்கே ஒதுக்கக் காட்டுக்குள், மலையுச்சியில், ஏறத்தாழ முப்பதடி உயரத்தில் கட்டிய மரவீடு ஒன்றில்தான் சிக்னல் கிடைத்தது. பெற்றோர் துணைக்கு வர, பிள்ளைகள் முறைவைத்து அதில் ஏறினார்கள். செய்த பயிற்சியை அனுப்பிவிட்டு, அடுத்த பாடத்தை இறக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் மாணவர்களும் புதர்க்காட்டைக் கடந்து பாறை ஏறினார்கள். நாட்டின் 43 லட்சம் மாணவரில் 40 வீதமானோர்தான் இணையவழி வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது கணித்தது. அந்த நாட்களில் எல்லோரும் கேட்டது கோபுரமும் போனும். இன்று அதே மாவட்டத்தின் மீரியபெத்த, பூனாகலை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் போன் இல்லாத லயம் அரிது. முறைப்பாடும் மாறிவிட்டது. பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறது என்பதுதான் இப்போது பெற்றோரும் ஆசிரியரும் சொல்லும் குறை. இரண்டு முறைப்பாடுகளிலும் நியாயம் உண்டு. ஆனால் இரண்டுமே கவனிக்கத் தவறியது ஒன்று இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையின் கைக்கு இணையம் வந்து சேர்ந்திருக்கிறது. கணினி வரவில்லை, அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் வரவில்லை. அந்த ஆளை நியமிப்பதுதான் இப்போது அரசும் தோட்டக் கம்பனிகளும் செய்ய வேண்டிய முதல் வேலை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் ஆய்வுகளே இதற்குச் சாட்சி. அந்தத் திணைக்களம் இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது. பிறர் உதவியின்றிக் கணினியைப் பயன்படுத்தத் தெரிந்தவர் கணினி எழுத்தறிவு உள்ளவர். கணினியோ ஸ்மார்ட்போனோ ஏதாவது ஒன்றைத் தானாக இயக்கத் தெரிந்தவர் டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர். 2021இல் நாடு முழுவதற்குமாக முதல் அளவுகோலில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. இரண்டாவதில் தேறியவர்கள் பாதிக்கு மேல். இடையில் நிற்பவர்கள் யார்? போனை மட்டுமே அறிந்தவர்கள். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்தால், கணினி எழுத்தறிவில் தோட்டத்துறை எப்போதும் கடைசியில், அதுவும் வெகு தூரம் பின்னால் நிற்கிறது. அந்த வரையறையும் கடினமானதல்ல. ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் ஒரு விளையாட்டை விளையாடினாலே எழுத்தறிவு உண்டென்று கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவு தாழ்த்திக் கட்டிய படியில்கூடத் தோட்டத்தில் பெரும்பாலோர் ஏற முடியவில்லை என்றால், அது அவர்களின் திறமைக் குறைவால் வந்ததல்ல. ஏறுவதற்குப் படியே அவர்கள் வாசலில் இல்லை.

போனிலேயே எல்லாம் இருக்கிறதே, கணினி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மாலையில் ஒரு லயத்து அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு போன், மூன்று பிள்ளைகள். ஆசிரியர் கரும்பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். உள்ளங்கையளவு திரையில் அந்த எழுத்தை இரு விரலால் விரித்துவிரித்துப் பெரிதாக்கி, மூத்தவள் கொப்பியில் பார்த்து எழுதுகிறாள். அவள் எழுதி முடிக்கும்வரை தம்பி காத்திருக்கிறான். பிறகு போன் அவன் கைக்குப் போகிறது. பாடம் முடிந்ததும் காணொளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே ஓடத் தொடங்குகின்றன. டேட்டா தீரும்வரை ஓடுகின்றன. இந்த மூவரும் நாள்தோறும் இணையத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் ஒரு கோப்பை உருவாக்கிப் பெயரிட்டுச் சேமித்ததில்லை. ஒரு கணக்கை அட்டவணையில் போட்டுப் பார்த்ததில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி நண்பருக்குச் செய்தி அனுப்பத் தெரிந்த பிள்ளைக்கு, பிரதேச செயலகத்துக்கு ஒரு பக்க விண்ணப்பத்தைத் தமிழ் எழுத்தில் தட்டெழுதத் தெரியாது. உயர்தரம் தேறியபின் பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அன்று அந்தப் பிள்ளை பஸ் ஏறிப் பண்டாரவளைக்கோ அப்புத்தளைக்கோ போய், ஒரு கடைக்காரரிடம் காசு கொடுத்து, தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் படிவத்தை அந்நியர் ஒருவர் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாடத்தெரிவுகளின் வரிசையில் ஒன்று மாறினாலும் இழப்பு கடைக்காரருக்கு இல்லை.

மலையகத்தில் கல்வி எப்போதும் இப்படித்தான் வந்திருக்கிறது. வந்ததென்று கணக்குக் காட்டப்படும், ஆனால் மற்றவர்களுக்குக் கிடைத்ததில் பாதிதான் கிடைத்திருக்கும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டங்களில் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களின் தலையில் வைத்தது. நிர்வாகம் கட்டிக்கொடுத்தது பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும் என்ற அளவோடு அது நின்றது, ஏனென்றால் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு அதற்குமேல் படிப்பு தேவையென்று துரைமார் நினைக்கவில்லை. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரி வாசலைத் திறந்தபோது, தோட்டத்துப் பிள்ளை லயப் பள்ளியிலேயே நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது டிஜிட்டல் காலத்திலும் அதே வரலாறு திரும்பி நடக்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் மடிகணினி, பாடசாலையில் ஆய்வுகூடம், மாலையில் கோடிங் வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பா ரீலோட் போட்டுத் தந்த ஒரு போன். இரண்டு பிள்ளைகளும் இணையத்தில் இருக்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒருவர் அதில் எதையாவது செய்யக் கற்கிறார். மற்றவர் பார்க்க மட்டும் பழகுகிறார்.

இது படிப்போடு முடிகிற விஷயமுமல்ல. மீரியபெத்தவின் பெயரை நாடு அறிந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில். ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், திரும்பி வந்தபோது வீடில்லாதவர்களாக நின்றார்கள், சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை அலுவலகக் கோப்பில் இருந்தது, மக்கள் மலையடியில் இருந்தார்கள். அதற்கு முழுப் பொறுப்பு அரசும் தோட்ட நிர்வாகமும்தான். லயத்தில் ஒரு கணினி இருந்திருந்தால் அந்தச் சாவுகள் நேர்ந்திருக்காது என்று சொல்வது மோசடி. ஆனால் அதற்குப் பிந்திய காலத்தில் நிலைமை மாறியிருக்கிறது. மண்சரிவு அபாய வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நம் லயம் எந்த வலயத்தில் இருக்கிறது, அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்டு வாங்கும் அதிகாரத்தைச் சாதாரண மக்களுக்குத் தந்திருக்கிறது. வரைபடத்தைத் திறந்து படிக்கவும், அந்தக் கேள்வியை எழுதி அனுப்பவும் தெரிந்த இளைஞர் நாலு பேர் ஒரு டிவிஷனில் இருந்தால், எச்சரிக்கை இனியும் கோப்பிலேயே உறங்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது, தமிழில் எச்சரிக்கை போதிய அளவு வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. தகவலைத் தேடி எடுத்து, தன் ஊருக்குத் தன் மொழியில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் மலையகத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து ஒரு வாதம் வருகிறது. உலகமே பிள்ளைகளைத் திரையிலிருந்து விலக்கப் பார்க்கும்போது நாம் ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அது. அவுஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாதென்று 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கவலை பொய்யல்ல. தூக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது, முகம் தெரியாதவர்கள் பிள்ளைகளை அணுகுகிறார்கள். இந்த ஆபத்துகள் லயத்துக்குள்ளும் வந்துவிட்டன. ஆனால் தடை என்பது ஒன்றை எடுத்துவிடுமே தவிர வேறொன்றைத் தராது. நகரத்துப் பிள்ளையிடமிருந்து சமூக ஊடகத்தை எடுத்தால் அதனிடம் கணினி மிச்சமிருக்கும். தோட்டத்துப் பிள்ளையிடமிருந்து போனை எடுத்தால் எதுவும் மிஞ்சாது. இன்னொன்றும் உண்டு. பெற்றோர் இருவரும் காலையில் பெரட்டுக்குப் போனால் வீடு திரும்புவது மாலையில்தான். பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தைப் பல வீடுகளில் போன்தான் நிரப்புகிறது. தாய் வீட்டுவேலைக்காக மத்திய கிழக்குக்குப் போன குடும்பங்களில் தாயின் முகமும் குரலும் வருவது அந்தப் போனில்தான். அந்தப் பிள்ளையிடம் போன் கெட்டது என்று சொல்லி விலக்கப் பார்ப்பவர், அது எந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளி விட்டதிலிருந்து விளக்கு வைக்கும்வரை பிள்ளை போய் உட்கார ஓர் இடமும், அங்கே ஒரு பெரியவரும் இருந்தால், தடைச் சட்டம் இல்லாமலே போனின் பிடி தளரும்.

அப்படியானால் ஆளுக்கொரு மடிகணினி, ஆளுக்கொரு டெப் கொடுத்துவிடலாமே என்பது அரசியல்வாதிகளுக்குப் பிடித்த விடை. மேடை போட்டுக் கொடுக்கலாம், படமும் எடுக்கலாம். பெரு நாடு இந்த வழியில்தான் போனது. பிள்ளைக்கொரு மடிகணினி என்ற திட்டத்தில் 8 லட்சத்துக்கும் அதிகமான கருவிகளை வாங்கிக் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. அமெரிக்க நாடுகளிடை அபிவிருத்தி வங்கியின் ஆய்வாளர்கள் 319 பாடசாலைகளைப் பதினைந்து மாதங்களுக்குப்பின் ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்கான அடையாளமே இல்லை. கருவி போய்ச் சேர்ந்த வேகத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசு மடிகணினி கொடுத்தது. ஏழை வீட்டுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைய அது வழிசெய்தது, அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அத்தனை செலவை இலங்கையின் ஒரு மாகாணத்தால் தாங்க முடியாது. தாங்கினாலும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் மடிகணினி பெரிய திரையுள்ள போனாகத்தான் முடியும்.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. கொரோனாவில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க 2021 ஒக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாலை வேளையில், குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள் சிறு தொகை ஊக்கப்பணம் பெற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். பெரும்பாலோர் பெண்கள். பாடசாலைகள் திறந்து ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் கால்வாசி அளவு இந்த மாலை வகுப்புகளின் பயன் என்றும் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. தெரிந்த முகம் ஒன்று, குறித்த நேரம் ஒன்று, நடந்துபோகும் தூரத்தில் ஓர் இடம், இவ்வளவுதான். நம் நாட்டுப் பாடமும் இதையே சொல்கிறது. 2005இல் தொடங்கிய நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் நாடெங்கும் பல நூறாகப் பெருகின. மீரியபெத்தவில் மலை சரிவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2014 ஓகஸ்ட்டில், அந்தத் திட்டம் பில் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் உலக விருதையும் பெற்றது. ஆனால் நிலையத்தை நடத்துபவருக்கு நிலையான சம்பளம் இல்லை, அவரே வருமானம் தேடிக்கொள்ள வேண்டும் என்று விட்ட இடங்களில் பல நிலையங்கள் ஓய்ந்துபோயின. வசதியுள்ள ஊரில் கட்டணம் கட்டிப் படிக்க ஆள் வருவார்கள். நாட்சம்பளத்தில் வாழும் டிவிஷனில் யார் வருவார்கள்?

ஆகவே கேட்க வேண்டியது தெளிவானது. ஒவ்வொரு தோட்டத்திலும் பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ மாலை நாலு மணி முதல் ஏழு மணிவரை திறந்திருக்கும் ஒரு கணினி அறை. பத்துக் கணினிகள் போதும், பழுதுபார்த்துச் சீராக்கிய பழைய கணினிகளும் போதும். மின்வெட்டைத் தாங்க ஒரு சூரியசக்தித் தகடும் பெட்டரியும் வேண்டும், ஏனென்றால் 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மாதச் சம்பளத்தோடு ஒரு வழிகாட்டி. உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் தோட்டத்து இளைஞர்களிலும் யுவதிகளிலும் இதற்குத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர, பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படிக்கும் அதன் மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் வந்து பயிற்சி நடத்துவதைப் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாக்கலாம். கற்பிப்பதும் எளிமையாகத் தொடங்கட்டும். தமிழில் தட்டெழுதுவது, கோப்பைச் சேமிப்பது, பெற்றோரின் சம்பளச் சீட்டை அட்டவணையில் போட்டுக் கழிவுகளைச் சரிபார்ப்பது, ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று தேடிப் பார்ப்பது, அந்நியர் ஒருவர் படம் கேட்டால் யாரிடம் சொல்வது. சம்பளச் சீட்டைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளையைப் பார்த்தால், போன் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோரே அதை அந்த அறைக்கு அனுப்பி வைப்பார்கள்.

வீடே இல்லாதவனுக்குக் கணினியா என்று கேட்பவர்களின் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மீரியபெத்த மக்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் முகாமாகக் கிடந்து, 2016இல்தான் மக்கல்தெனியவில் 75 வீடுகளைப் பெற்றார்கள். அபாய வலயத்தில் இன்னும் எத்தனையோ லயங்கள் நிற்கின்றன. காணியும் வீடும் முதல் உரிமை, அதை எதனாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் வீடு முடியட்டும், பிறகு பாதை, பிறகு மலசலகூடம், அதன்பின் படிப்பு என்று வரிசை போட்டுக் காத்திருந்ததில் மலையகம் எத்தனை தலைமுறையை இழந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 2014இல் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று வளர்ந்து ஆளாகிவிட்டது. வீட்டுத் திட்டம் தாமதமானால் அடுத்த ஆண்டு கட்டலாம். பன்னிரண்டு வயதில் கற்க வேண்டியதை அடுத்த ஆண்டு என்று தள்ளிக்கொண்டே போனால் வயது காத்திருப்பதில்லை. வீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கைவைத்துக் கணினி அறை கட்டும்படி யாரும் கேட்கவில்லை. ஒரு வழிகாட்டியின் சம்பளம் என்பது ஒரு கம்பனியின் ஆண்டுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத தொகை. மாகாணக் கல்வி அமைச்சின் பாதீட்டிலும் அது பெரிதல்ல.

படித்தால் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள், கொழுந்து பறிக்க ஆளிருக்காது என்ற முணுமுணுப்பும் கேட்கிறது. பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், குறைந்த கூலிக்கு, பேரம் பேசும் வலுவின்றிப் போகிறார்கள். போவதா இருப்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். எங்கே இருந்தாலும் கையில் ஒரு திறமையோடு இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. மலையகத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்காகப் பேசும் மேசையிலேயே இந்த மாலை அறையையும் வழிகாட்டியையும் ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும். 2021இல் சம்பளத்தை 1,000 ரூபாவாக்க எவ்வளவு வாதாட வேண்டியிருந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். இந்தக் கோரிக்கைக்கு அவ்வளவு செலவும் இல்லை, எதிர்ப்பதற்குக் காரணமும் இல்லை. ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகள் மண்சரிவு அபாயம் உள்ள தோட்டங்களிலிருந்து தொடங்கி, வரும் கல்வியாண்டிலேயே பத்துத் தோட்டங்களில் இதை நடத்திக் காட்டட்டும். ஓர் ஆண்டின் முடிவில் எத்தனை பிள்ளைகள் தம் விண்ணப்பத்தைத் தாமே தமிழில் நிரப்பினார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் மற்றத் தோட்டங்களுக்கும் விரிக்கட்டும். குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடித் திருத்தட்டும். தொடங்காமல் இருப்பதற்கு மட்டும் இனி ஒரு நியாயமும் மிச்சமில்லை.